நான்காவது சிற்றிலை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பசை கெட்டியாகிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் ஓடுகிறது, ஊற்றாவிட்டால் பிரஷ் நகர மறுக்கிறது. முப்பத்தோரு வருடமாகப் பசை காய்ச்சுகிறேன், இன்னும் அது என் பேச்சைக் கேட்பதில்லை. பதினொரு தாளில்தான் செடி ஒட்ட முடிந்தது.

படமெடுக்கும் ஆள் வந்துவிட்டார். எங்கள் ஹெர்பேரியத்தில் இருக்கிற உலர்ந்த செடிகளையெல்லாம், தாள் தாளாக, ஒன்று விடாமல் படமெடுத்துக் கணினியில் ஏற்றப்போகிறார்கள். இனி உலகத்தில் யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்று பொறுப்பாளர் பெருமையாகச் சொன்னார். கேமராக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இத்தனை நாள் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தாராம். முதல் தாளை விளக்குக்கு அடியில் வைத்துவிட்டு, "இதுங்க கண்ண மூடாது, தலைய ஆட்டாது, ரொம்ப நல்ல பார்ட்டி" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு சுவரில் அட்டவணை ஒட்டினார்கள். அவரைச் செடிக் குடும்பம் பதினாறாம் தேதி. அதாவது மூன்றாவது அலமாரி. அதில் நான்காவது தட்டு முழுக்கக் குளோவர், காம்புக்கு மூன்று சிற்றிலை விடுகிற சின்னச் செடி.

அந்தத் தாளும் அங்கேதான் இருக்கிறது. சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

மார்ச் 4, புதன்

மூன்றாவது அலமாரியில் வேலை இருந்தது. போகவில்லை.

மார்ச் 6, வெள்ளி

எழுதித்தான் பார்க்கிறேனே. ஆறு வருடமாக மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருகிறேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அது கொஞ்சம் எனக்குச் சாதகமாகத் திரும்பிக்கொள்கிறது. மையில் எழுதினால் அந்த வேலை நடக்காது.

அந்தத் தாளின் செடியைச் சேகரித்தவரை, அவர் இல்லாதபோது எல்லோரும் மூவிலை என்போம். நேரில் சார். அவர் எனக்கு வைத்த பெயர் பசையக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆனாலும் அக்கா. செடிகளை வகை பிரிக்கிற ஆராய்ச்சியாளர், ஒப்பந்த வேலை, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். குளோவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பத்து வருடமாக அதே செடிதான். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். வெள்ளைக் குளோவர் தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். சிவப்பு நிமிர்ந்து நிற்கும். ஒரு வகையில் காய்க்கொத்து ஸ்ட்ராபெர்ரி மாதிரி உப்பிக்கொள்ளும், ஒரு வகையில் பூங்கொத்து முயல்கால்போல மெத்தென்று இருக்கும். இன்னொன்று, பூத்து முடிந்ததும் தலையைக் கவிழ்த்துத் தன் விதையைத் தானே மண்ணுக்குள் புதைத்துவிடும். அதை மட்டும் "கூச்சக்காரி" என்பார். மாட்டுக்குப் போடுகிற தீவனக் குளோவர் தனி. பெயரில் மட்டும் குளோவர் என்று வைத்துக்கொண்டு உண்மையில் அந்த இனமே இல்லாத செடிகளும் உண்டு. அவற்றின்மேல் அவருக்குப் பங்காளிக் கோபம்.

குளோவரின் லத்தீன் பெயருக்கு மூன்று இலை என்று மட்டும்தான் அர்த்தம். பார்த்ததை அப்படியே சொல்கிற பெயர், இவ்வளவு யோக்கியமான பெயர் வேறு எந்தச் செடிக்கு இருக்கிறது என்பார். ஆனால் நான் 'மூணு இலை' என்று சொல்லிவிடக் கூடாது. இலை ஒன்றுதான், அதில் மூன்று சிற்றிலை. நூறு தடவை திருத்தியிருப்பார். குளோவர் என்கிற சொல்லே பிசுபிசுப்பு என்ற அர்த்தத்திலிருந்து வந்திருக்கலாம், பூவில் தேன் ஒட்டுமே அதனால் இருக்கலாம், ஆனால் நிச்சயமில்லை என்று ஒருநாள் சொன்னார். அப்படிப் பார்த்தால் இது உங்கள் செடிதான் அக்கா என்றார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை.

மார்ச் 7, சனி

அது நடந்த வருடம் மூவிலையின் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தார். நான்கு மாதம். இரவெல்லாம் அங்கே இருந்துவிட்டு, பதினொரு மணி வாக்கில் இங்கே வருவார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கும். லென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

உதிர்ந்துபோகிற துணுக்குகளைப் போட்டு வைக்க ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு சின்னக் காகித உறை ஒட்டுவோம். அவர் மேஜையில் நான் முன்பே ஒட்டிக் கொடுத்த ஒரு தாள் இருந்தது. மஞ்சள் பூ பூக்கிற சிறு குளோவர், அவரே பறித்து வந்தது. உறையில் ஒரு சிற்றிலை உதிர்ந்து கிடந்தது. எனக்கு என்ன தோன்றியதோ. ஊசிமுனையில் பசை தொட்டு, அந்தச் சிற்றிலையை ஒரு முழு இலையின் காம்பு நுனியில் ஒட்டிவிட்டேன். மூன்று இருந்த இடத்தில் நான்கு. பார்ப்பார், ஒரு நிமிஷம் திகைப்பார், 'ஏமாந்தீங்களா சார்' என்பேன், சிரிப்பார். அவ்வளவுதான் திட்டம். ஒரு சிரிப்புக்காக.

அன்று லென்ஸை எடுத்தவர் கண்ணை எடுக்கவே இல்லை. அரை மணி நேரம் ஆகியிருக்கும். "பசையக்கா, இங்க வாங்க. நாலு" என்றார். குரல் உடைந்துவிட்டது. வெள்ளைக் குளோவரில் எப்போதாவது நான்கு வரும், அதை அதிர்ஷ்டம் என்பார்கள், இந்த வகையில் வந்ததாக அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லையாம். ஏமாந்தீங்களா என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் மனுஷர் அழுதுகொண்டிருந்தார். பையை எடுத்து மாட்டிக்கொண்டு, இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கே ஓடிவிட்டார்.

மறுநாள் வந்து சொன்னார். பத்து நாளாக வாய் திறக்காமல் கிடந்த அந்த அம்மா சிரித்தாராம். அதைப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் போடுங்கள் என்றாராம். ஆறு நாளில் இறந்துவிட்டார்.

அப்புறம் நான் எப்படிச் சொல்வேன்? எப்படிச் சொல்வேன் என்று கேட்டுக்கொள்வது சுலபம். அந்த மாதம் முடிந்து சொல்லியிருக்கலாம். அவர் அதைக் கட்டுரையாக எழுதத் தொடங்கியபோது சொல்லியிருக்கலாம். கட்டுரை தபாலில் போன அன்று காலையில்கூட என் மேஜைக்கு வந்து உறைக்குப் பசை தடவச் சொன்னார். தடவிக் கொடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

மீதியையும் எழுதிவிடுகிறேன்.

கட்டுரை அச்சாகி எட்டு மாதம் கழித்து வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். நான்காவது சிற்றிலையின் அடியில் பசை இருக்கிறது. அதோடு அது புரட்டி ஒட்டப்பட்டிருக்கிறது, அடிப்பக்கம் மேலே, நரம்பு புடைத்துத் தெரிகிறது.

புரட்டி. நான்! புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே இலையின் மேல்பக்கம் எது, அடிப்பக்கம் எது என்பதுதான். மூவிலை வந்துவிடுவாரே என்ற அவசரத்தில் அதைக்கூடப் பார்க்கவில்லை.

பொறுப்பாளர் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்தார். தாள் மாதக்கணக்கில் மூவிலையின் மேஜையில்தான் இருந்தது. கிழிந்த ஓரங்களை ஒட்ட அவர் மேஜையிலும் பசை இருந்தது. கட்டுரையால் பெயர் கிடைத்ததும் அவருக்குத்தான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்க ஒட்டிக் குடுக்கும்போது மூணு இருந்துச்சா, நாலு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்ல சார்."

இதைத்தான் சொன்னேன். எனக்கு வேலை நிரந்தரமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. இருபத்தைந்து வருடம் காத்திருந்து கிடைத்தது. அதை நினைத்துத்தான் சொன்னேன், வேறு ஒரு காரணமும் இல்லை. மூவிலை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. "அக்காவ ஏன் சார் இதுல இழுக்கறீங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த அறையில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எதிர்த்து வாதாடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம், அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழ் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. புத்தகம் நின்றுபோனது. பொறுப்பாளர் ஒரு சீட்டை டைப் அடித்து என்னிடம் கொடுத்தார்: 'நான்காவது சிற்றிலை பசையால் ஒட்டப்பட்டது. ஆய்வாளரின் செயல் எனக் கருதப்படுகிறது.' தாளில் எது ஒட்டினாலும் நான்தானே ஒட்ட வேண்டும். ஒட்டினேன்.

மார்ச் 10, செவ்வாய்

அந்தச் சீட்டை எவ்வளவு நேராக ஒட்டியிருக்கிறேன் என்று இன்று போய்ப் பார்த்தேன். கோணல் துளியும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

படமெடுப்பதைப் பற்றி வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆறு வருடமாகவே அவருக்கு மட்டும் எல்லாம் தெரியும். அன்று வந்து அழுதபோது, வாயைத் திறக்காதே, தானாக அடங்கிவிடும் என்றார். அவர் எலெக்ட்ரீசியன், எதையும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் தொடுவார்.

தாளில் சேகரித்தவர் என்று சாரின் பெயர் இருக்கிறது, அதோடு சேர்ந்து அந்தச் சீட்டும் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியப்போகிறது, காலத்துக்கும் அழியாது என்று சொன்னேன். தட்டிலிருந்து கையை எடுத்தார். "அப்ப நான் சொன்னது தப்பு. நீ கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்ப சொல்றீங்களே, அப்ப எங்க போச்சு இந்தப் புத்தி என்று கத்திவிட்டேன். அவர் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கே உறைத்தது. அன்று அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துதான் அவரிடம் போய்க் கேட்டேன். வேறு மாதிரிச் சொல்லக்கூடியவர்கள் யாரிடமும் போகவில்லையே.

ஆகஸ்டில் ஓய்வு. ஐந்து மாதம். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

மார்ச் 14, சனி

விதைக் கடைக்குப் போனேன். மூவிலை அங்கே வேலை செய்கிறார் என்று இரண்டு வருடமாகவே தெரியும். இதுவரை அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தேன்.

நீளமான கடை. ஒரு பக்கம் சாக்குகள், ஒரு பக்கம் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டை. அட்டையில் அவர் கையெழுத்து. பார்த்ததும் திரும்பிவிட நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"பசையக்கா! நல்லா இருக்கீங்களா?"

முடி முழுக்க நரைத்துவிட்டது. ஆனால் முகத்தில் உண்மையான சந்தோஷம். நம்ம அலமாரியெல்லாம் எப்படி இருக்கிறது, பூச்சி வராமல் மருந்து போடுகிறார்களா, மேற்கு ஜன்னல் இன்னும் ஒழுகுகிறதா என்று விசாரித்தார். நம்ம என்றார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை. கடைக்கு வந்தவள் ஏதாவது வாங்க வேண்டுமே என்று ஒரு பொட்டலம் வெள்ளைக் குளோவர் விதை கேட்டேன். இவ்வளவு சின்ன விதையை மணலோடு கலந்து தூவுங்கள், மண்ணை மேலே போட்டு மூடாதீர்கள் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்டேன், கேட்டிருக்கவே கூடாது. "அதெல்லாம் விட்டாச்சு அக்கா" என்று இழுப்பறையை மூடினார்.

பஸ்ஸில் வரும்போது என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். போனியே, வாயில என்ன கொழுக்கட்டையா?

மார்ச் 16, திங்கள்

அவரைக் குடும்பம் தொடங்கிவிட்டது. கேமராக்காரர் மதியம்வரை மூன்றாவது அலமாரியின் முதல் தட்டிலேயே இருந்தார். நாளைக்குக் குளோவர்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். எழுதவே கூசுகிறது. வெந்நீரும் மெல்லிய பிரஷும் எடுத்துக்கொண்டு அந்தத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். நான் காய்ச்சிய பசைதான், இரண்டு நிமிஷம் ஈரம் காட்டினால் விட்டுவிடும். சிற்றிலையை எடுத்து உறைக்குள் போட்டு, சீட்டையும் பெயர்த்துவிட்டால் படத்தில் ஒன்றுமே இருக்காது. அவர் பெயரும் தப்பிக்கும். நானும் தப்பிப்பேன். அவர் பெயருக்காகத்தான் செய்கிறேன் என்று பிரஷை நனைக்கும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். தாளில் ஒருமுறை ஒட்டிய சீட்டை எடுக்கக் கூடாது, அது தப்பாகவே இருந்தாலும். ஒருவர் செடிக்குத் தப்பான பெயர் எழுதிவிட்டார் என்றால் அடுத்தவர் அதை அடிப்பதில்லை, கிழிப்பதில்லை. பக்கத்தில் சரியான பெயரோடு இன்னொரு சீட்டை ஒட்டி, கீழே தன் பெயரும் தேதியும் போடுவார். நூறு வருடத்துப் பழைய தாள்களில் ஐந்து, ஆறு சீட்டுகள்கூட உண்டு. இந்த முப்பத்தோரு வருடத்தில் நான் எடுத்த சீட்டு ஒன்றுகூட இல்லை.

வெந்நீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

எழுதி ஒட்டிவிட்டேன்.

காலை எட்டு மணிக்கே போனேன். எப்போதும் சீட்டு நான் எழுதியதில்லை, மற்றவர்கள் எழுதியதை ஒட்டித்தான் பழக்கம். நாலு தடவை கிழித்துப்போட்டேன். கடைசியில் இப்படி வந்தது:

'நான்காவது சிற்றிலை இயற்கையானதல்ல. இத்தாளின் உறையிலிருந்து எடுத்து ஒட்டியது நான். சேகரித்தவருக்கு இது தெரியாது. விசாரணையில் ஞாபகம் இல்லை என்று நான் சொன்னது பொய்.' கீழே என் பெயர், இன்றைய தேதி.

பழைய சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சற்றுக் கோணலாகிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

பத்து மணிக்குப் பொறுப்பாளரின் அறைக்குத் தாளோடு போனேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ரிட்டயர் ஆகப்போகிற நேரத்தில் இது எதற்கு, எல்லோரும் மறந்துபோன விஷயம், தனக்கும் சங்கடம், இந்த இடத்துக்கும் கெட்ட பேர் என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டே போனார். கடைசியில் கேட்டார்.

"இந்தச் சீட்ட எடுத்துட முடியுமா?"

"முடியும் சார். ஆனா எடுக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அன்று விசாரணையில் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பிறகு போய்ப் படமெடுக்கக் கொடுங்கள் என்றார்.

கேமராக்காரர் தாளை விளக்கின் கீழ் வைத்தார். படித்துவிட்டார் என்று தெரிந்தது, வழக்கமான வேடிக்கைப் பேச்சு வரவில்லை. இரண்டு தடவை எடுத்தார். "எழுத்து தெளிவா விழுந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 18, புதன்

விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 21, சனி

போனேன். சொன்னேன்.

கடையில் அவர் மட்டும் இருந்தார். எதையோ எடைபோட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். வாங்கக்கா, விதை முளைத்ததா என்று கேட்டார். நின்றபடியே சொல்லிவிட்டேன். "சார், அந்த நாலாவது சிற்றிலைய ஒட்டுனது நான்."

அவர் கை நிற்கவில்லை. பொட்டலத்தை மடித்து, நூல் சுற்றி, முடிச்சுப் போட்டு முடித்தார். எப்போது என்று கேட்டார். அன்று காலை நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்னால் என்றேன். எதற்கு என்றார். நீங்கள் கொஞ்சம் சிரிக்க வேண்டும் என்றுதான் என்றேன். சொல்லும்போதே எவ்வளவு அற்பமாக இருந்தது.

ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தார். நூல்கண்டை மடியில் வைத்துக்கொண்டார். பேசியபோது என்னைப் பார்க்கவில்லை.

"ஆறு வருஷமா நான் என்ன நெனச்சிட்டிருக்கேன் தெரியுமா? நானேதான் ஒட்டியிருக்கேன்னு. அந்த நாலு மாசம் தூக்கம் கிடையாது, என்ன பண்றோம்னே தெரியாம திரிஞ்சேன். தாள் என்கிட்டதான் இருந்துச்சு. வேற யாரு தொடப்போறா? உங்க மேல எல்லாம் சந்தேகமே வரல. நான்தான் ஏதோ ஒரு நேரத்துல புத்தி கெட்டுப்போய் ஒட்டியிருக்கேன், ஒட்டிட்டு மறந்துட்டேன், அப்படின்னு முடிவே பண்ணிட்டேன். அதான் அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல."

நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னார்.

"சாகப்போறவகிட்ட போய்ப் பொய் சொல்லிச் சிரிக்க வச்சேனேன்னு தினம் நெனப்பேன். தினமும்."

ஐயோ சார் என்றேனோ, மன்னிச்சிடுங்க என்றேனோ, ஏதோ உளறினேன். நான் இத்தனை நாள் நினைத்தது அவர் வேலை போனதை, புத்தகம் நின்றதை. இது என் கணக்கிலேயே இல்லை. ஒரு மனுஷரை அவர் கையையே அவர் நம்ப முடியாமல் பண்ணிவிட்டேனே. ஆறு வருஷம்! என்ன பொம்பள நான்?

சீட்டின் நகலை மேஜைமேல் வைத்தேன். அவர் எடுக்கவில்லை. யாரோ வாடிக்கையாளர் உள்ளே வந்தார். அவர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நீங்க போங்க" என்றார்.

அக்கா என்று சொல்லவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் காபி போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 20, திங்கள்

பொறுப்பாளர் அந்த ஆய்விதழுக்கு எழுதிவிட்டார். மூவிலைக்கும் நிறுவனத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் போயிருக்கிறது. நகலை என்னிடம் காட்டினார். நல்ல கடிதம்தான். ஆறு வருடம் தாமதம் என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு எழுத்து மூலமாகக் கண்டிப்பு. வேலை போகவில்லை. போயிருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும் என்று எழுத வந்தேன். அது நடிப்பு. போகவில்லை என்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அலுவலகத்தில் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆனால் நான் உள்ளே போனால் பேச்சு நிற்கிறது. பசையக்கா என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது, இப்போது மேடம்.

மே 7, வியாழன்

வீட்டுக்காரர் அந்தக் குளோவர் விதையை ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் தூவி வைத்திருந்தார். எனக்குச் சொல்லவே இல்லை. இன்று ஜன்னலோரம் பார்க்கிறேன், டப்பா முழுக்கப் பச்சை.

குனிந்து பார்த்தேன். முதலில் இரண்டு விதையிலை. அதற்குப் பிறகு வருகிற முதல் இலையில் மூன்று சிற்றிலை இல்லை! ஒற்றையாக, வட்டமாக ஒன்றே ஒன்று. அதற்கடுத்த இலையிலிருந்துதான் மூன்று. எல்லா நாற்றிலும் அப்படித்தான், எண்ணிப் பார்த்தேன். முப்பத்தோரு வருடம் இந்தச் செடியைக் கையில் வைத்திருந்தும் எனக்கு இது தெரியாது. என்னிடம் வந்தவையெல்லாம் வளர்ந்து, பறித்து, காய்ந்தவை.

இதைச் சாரிடம் கேட்க வேண்டும் என்று அனிச்சையாக நினைத்துவிட்டேன். பிறகு டப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

ஜூன் 11, வியாழன்

மூவிலையின் கடிதம் வந்தது. எனக்கல்ல, பொறுப்பாளருக்கு. ஒரு கல்லூரி அவருக்கு இடமும் மேஜையும் கொடுத்திருக்கிறது. புத்தகத்தை மறுபடியும் எழுதத் தொடங்கிவிட்டாராம். நம்மிடம் உள்ள குளோவர் தாள்கள் நாற்பத்து மூன்றையும் ஒரு வருடத்துக்கு இரவல் கேட்டிருக்கிறார். பட்டியலில் முதல் எண் அந்தத் தாளுடையது.

பொறுப்பாளர் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். என்ன சார் என்றேன். தயங்கினார், பிறகு கடிதத்தையே என் பக்கம் தள்ளினார். அதே கையெழுத்து, அதே மை. 'தாள்களை செடி ஒட்டும் பிரிவில் இருப்பவர் கையாள வேண்டாம். வேறு யாராவது கட்டி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

"நியாயம்தான் சார்" என்றேன்.

கேமராக்காரரைத்தான் கட்டச் சொன்னார்கள். அவருக்கு இந்த வேலை புதிது. நான் இரண்டு எட்டுத் தள்ளி நின்று சொல்லிக்கொடுத்தேன். பத்துப் பத்துத் தாளாகப் பிரியுங்கள். மேலேயும் கீழேயும் அட்டை. நூலைக் குறுக்கும் நெடுக்குமாக விடுங்கள், இறுக்க வேண்டாம், பூ நசுங்கும். சொன்னபடியே செய்தார். மூன்றாவது கட்டில் முடிச்சு ஓரத்துக்குப் போய்விட்டது. அட்டை வளைந்தால் உள்ளே இருக்கும் இலை உதிரும். என் கை தானாக நீண்டது. அவர் என்னைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டேன்.

"நடுவுல போடுங்க" என்றேன். அவிழ்த்து நடுவில் போட்டார்.

மூன்று மணிக்கு வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. மூன்றாவது அலமாரியில் நான்காவது தட்டு காலியாக இருக்கிறது. தூசியைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.